14 மாதம் நின்ற ஜெட்டை வாங்கலாமா?

கேள்வி: ஐயா, என் சொந்த இடம் புதுக்குடியிருப்பு. இப்போது ரொறன்ரோவில் லொறிக் கொம்பனி நடத்துகிறேன். எட்டு வருடமாகச் சிறிய விமானம் ஓட்டுகிறேன். சிரஸ் எஸ்.ஆர்.22இல் 620 மணித்தியாலம் பறந்திருக்கிறேன், மேகத்துக்குள் கருவிகளைப் பார்த்துப் பறக்கும் தகுதியும் உண்டு. நானும் மச்சானும் இன்னொரு நண்பரும் சேர்ந்து பழைய சிறிய ஜெட் ஒன்று வாங்க யோசிக்கிறோம். புளோரிடாக் கடற்கரையில் 2008ஆம் ஆண்டுச் சைட்டேஷன் மஸ்டாங் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 3,150 மணித்தியாலம் ஓடியது. மற்ற மஸ்டாங்குகளைவிட மூன்று லட்சம் டொலர் குறைவு. புதுப் பெயின்ற், புதுத் தோல் இருக்கை. உரிமையாளருக்குச் சுகமில்லாததால் 14 மாதம் பறக்கவில்லை. இயந்திரத் திட்டத்துக்குக் கட்டுவதையும் இடையில் நிறுத்திவிட்டார். பறப்பையும் பராமரிப்பையும் பதியும் லொக் புத்தகம் ஒன்று தவறிவிட்டதாம், திரும்பத் தயாரித்துத் தருவார்களாம். மூன்று பேரும் சேர்ந்து வருடத்தில் 60 மணித்தியாலம் பறப்போம். இது நல்ல வாங்கலா? என்றைக்காவது ஊருக்குக் கொண்டுவரலாமா? வற்றாப்பளைப் பொங்கலுக்கு வருகிறேன், உங்களைச் சந்திக்கவும் விருப்பம்.

பதில்:

தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். முதல் தரம் சந்தோஷமாக இருந்தது. விமானச் சத்தம் கேட்டால் அண்ணாந்து பார்க்காமல் பங்கருக்குள் பாய்ந்த ஊர்ப் பிள்ளை ஒருவர் ஜெட் வாங்குவதைப் பற்றி எழுதுகிறார். இரண்டாம் தரம் வாசித்தபோது சந்தோஷம் குறைந்துவிட்டது. மூன்று லட்சம் ஏன் குறைவு என்பதை விற்கிறவர் ஒளிக்கவில்லை. உங்கள் கடிதத்திலேயே அது முழுக்க இருக்கிறது. நீங்கள்தான் பெயின்றைப் பார்த்துவிட்டீர்கள்.

இந்த விமானத்தை இந்த விலைக்கு வாங்க வேண்டாம் என்பதுதான் என் பதில். ஏன் என்று சொல்கிறேன்.

3,150 என்பதிலிருந்து தொடங்குவோம். லொறிக்காரருக்கு அது சின்ன எண்ணாகத் தெரியும். மஸ்டாங்கில் இருப்பது பிராட் அண்ட் விட்னி கனடாவின் பி.டபிள்யூ.615எஃப் இயந்திரம் இரண்டு. அதை 3,500 மணித்தியாலத்தில் முழுதாகக் கழற்றிச் செய்ய வேண்டும். நடுவில் 1,750 அளவில் சூடான பகுதியை, அதாவது எரி அறையையும் டர்பைனையும், திறந்து பார்க்க வேண்டும். ஆகவே நீங்கள் வாங்குவது 350 மணித்தியாலம் மிச்சமுள்ள இரண்டு இயந்திரங்களை. வருடத்துக்கு 60 என்றால் ஆறு வருடம் வராது. அதன்பிறகு வரும் பில் விமான விலையில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். ஆறு வருடம் இருக்கிறதே, அதற்குள் விற்றுவிடுவோம் என்று மச்சான் சொல்லலாம். அடுத்து வாங்க வருகிறவருக்கும் கழிக்கத் தெரியும்.

இந்தப் பில்லுக்குப் பயந்துதான் இயந்திரத் திட்டங்கள் வந்தன. பிராட் அண்ட் விட்னிக்கு ஈ.எஸ்.பி., வில்லியம்ஸ் இயந்திரத்துக்கு டி.ஏ.பி., எந்த இயந்திரத்தையும் சேர்த்துக்கொள்ளும் ஜே.எஸ்.எஸ்.ஐ. எல்லாம் ஏறக்குறைய நம் ஊர்ச் சீட்டு மாதிரித்தான். பறந்த ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் கட்டிக்கொண்டே வந்தால், பெரிய வேலை வரும் நாளில் திட்டம் பொறுப்பெடுக்கும். இடையில் கட்டாமல் விட்ட சீட்டில் கழிவு கேட்டால் தாய்ச்சி என்ன சொல்லுவார்? விட்ட காசையெல்லாம் கட்டிவிட்டு வா என்பார். இங்கேயும் அதேதான். திரும்பச் சேர ஒரு தொகை கேட்பார்கள், அதற்கு முன் இயந்திரத்தைத் தங்கள் ஆள் பார்க்க வேண்டும் என்பார்கள். அந்தத் தொகை எவ்வளவு என்பதை விற்கிறவரிடமோ தரகரிடமோ கேட்க வேண்டாம். இயந்திர வரிசை எண்ணைக் கொடுத்துத் திட்டக்காரரிடமே எழுத்தில் கேளுங்கள். என் கணக்கில் அந்த ஒரு கடிதமே மூன்று லட்சத்தின் பெரும்பகுதியைச் சாப்பிட்டுவிடும்.

அடுத்தது தவறிப்போன புத்தகம். எனக்கு இதுதான் பெரிய விசயம்.

வன்னியில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பொலித்தீன் பை இருந்தது. காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறு எல்லாம் அதற்குள். அரிசியை விட்டு ஓடியவர்கள்கூட அந்தப் பையை விடவில்லை. பை தவறியவர்கள் சொந்தக் காணியில் நின்றுகொண்டு இது என் காணி என்று நிரூபிக்க எத்தனை வருடம் அரச அலுவலகமான கச்சேரிக்கு அலைந்தார்கள் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. விமானத்தின் லொக் புத்தகம் அந்தப் பைதான்.

இயந்திரத்துக்குள் சுற்றும் தட்டுகள் சிலவற்றுக்கு வயது மணித்தியாலத்தில் இல்லை, சுழற்சியில். தொடக்கி, எழும்பி, இறங்கி, நிறுத்தினால் ஒரு சுழற்சி. எண்ணிக்கை முடிந்தால் தட்டு எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் குப்பைதான். அது எத்தனை சுழற்சி செய்தது என்பதைத் தொழிற்சாலையில் பிறந்த நாளிலிருந்து இன்றுவரை இடைவெளியில்லாமல் காகிதத்தில் காட்ட வேண்டும். தவறிய புத்தகம் இயந்திரப் புத்தகமாக இருந்து, அந்தக் காலப்பகுதியை வேறு பதிவுகளால் நிரப்ப முடியாவிட்டால், நல்ல தட்டையும் கழற்றி எறிய வேண்டி வரும். உடற்பகுதிப் புத்தகம் என்றால் வேறு பயம். விபத்து, கடும் தரையிறக்கம், பெரிய பழுது எல்லாம் அந்தப் பக்கங்களில்தான் இருந்திருக்கும். எந்தப் புத்தகம், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை என்று நீங்கள் எழுதவில்லை. அதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

திரும்பத் தயாரிப்பது என்பது குற்றமில்லை. பழைய பராமரிப்பு நிலையங்களில் வேலை உத்தரவுகள் இருக்கும், உதிரிப்பாகச் சான்றிதழ்கள் இருக்கும், அவற்றை ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். ஆனால் நான் ஒருமுறை பார்த்தது வேறு. வேலை செய்த நாட்களில் ஒரு வாங்குநருக்காகப் புத்தகம் பார்க்கப் போனேன். மூன்று வருடப் பதிவுகள், பதினான்கு பக்கம். எல்லாம் ஒழுங்கு. வாசித்துக்கொண்டு போனவன் ஒரு கட்டத்தில் வாசிப்பதை நிறுத்திவிட்டு எழுத்தைப் பார்க்கத் தொடங்கினேன். ஒரே நீல மை, ஒரே அழுத்தம். உண்மையான புத்தகத்தில் ஒரு பக்கத்தில் ஒயில் விரலடையாளம் இருக்கும், இன்னொன்றில் பேனா மை முடிந்து கறுப்புக்கு மாறியிருக்கும், பனிக்காலத்தில் எழுதியது நடுங்கியிருக்கும். இது ஒரே மேசையில், ஒரே பின்னேரத்தில், தேத்தண்ணி குடித்துக்கொண்டு எழுதியது. வாங்குநரைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

சரி, 14 மாதம் நின்றதுக்கு வருவோம். மாங்குளத்திலோ ஒட்டுசுட்டானிலோ பழைய உழவு இயந்திரம் பார்க்கப் போகிறவர் என்ன கேட்பார்? போன போகம் உழுததா என்று கேட்பார். உழுதுகொண்டிருக்கும் மெசினில் என்ன நோய் என்று சத்தத்திலேயே தெரியும். கொட்டிலில் நின்ற மெசினில் நோய் ஒளிந்திருக்கும். ஜெட்டும் அப்படித்தான். சீல்கள் காய்ந்து போகும், பற்றரி செத்துப்போகும், குழாய்களில் பூச்சி கூடு கட்டும். நிறுத்தி வைப்பதற்கு இயந்திரக் கொம்பனி எழுதி வைத்த பாதுகாப்பு முறை உண்டு. அதைச் செய்தார்களா, எந்தத் திகதியில் செய்தார்கள் என்பது புத்தகத்தில் இருக்க வேண்டும். சுகமில்லாத மனிதர் அதை நினைத்திருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்.

எரிபொருள் தாங்கியையும் மறக்க வேண்டாம். ஜெட் எரிபொருள் மண்ணெண்ணெயின் அண்ணன்தான். பொருளாதாரத் தடைக் காலத்தில் காபரேற்றருக்கு நாலு சொட்டுப் பெற்றோல் காட்டிவிட்டு மண்ணெண்ணெயில் மோட்டார்சைக்கிள் ஓட்டிய எங்களுக்கு அதன் குணம் தெரியும். நின்ற தாங்கியின் அடியில் தண்ணீர் சேரும். தண்ணீரும் எரிபொருளும் சந்திக்கும் இடத்தில் ஒரு பூஞ்சணம் வளரும். வடிகால் வால்வில் கண்ணாடிப் போத்தலைப் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். கறுப்பு நூல் நூலாக மிதந்தால் தாங்கி, வடிகட்டி, அளவுமானி எல்லாவற்றுக்கும் வேலை இருக்கிறது.

பிறகு கடல். முல்லைத்தீவில் புதுச் சைக்கிளின் கம்பி எத்தனை மாதத்தில் கறுக்கும் என்று அறிந்தவருக்குப் புளோரிடாக் கடற்கரையைப் பற்றி விளக்கம் வேண்டாம். அலுமினியம் சிவப்பாகத் துருப்பிடிக்காது, வெள்ளையாகப் பொடிக்கும். புதுப் பெயின்றுக்குக் கீழே அது தெரியாது. அதனால் பெயின்ற் எப்போது அடித்தார்கள், அடிப்பதற்கு முன் உரித்தார்களா, உரித்தபோது கண்டதை எழுதினார்களா என்று கேளுங்கள். இருக்கையைக் கழற்றிக் கம்பளத்தைத் தூக்குங்கள். நான் முதலில் போவது மலசலகூடத்துக்கும் பானங்கள் வைக்கும் தட்டுக்கும் கீழே. பத்து வருடம் சிந்திய கோப்பியும் சோடாவும் தரைச் சட்டத்தில் போய்த்தான் நிற்கும். ஒருமுறை அப்படியொரு சட்டத்தை விரல் நகத்தால் லேசாகச் சுரண்டினேன். நகத்துக்குள் மா மாதிரி வெள்ளைப் பொடி. இன்னொரு தரம் சுரண்டினேன், நகம் உள்ளே இறங்கியது. மேலே புதுக் கம்பளம், அதன்மேல் இருந்த தோல் இருக்கை வாசம் வீசியது.

இதையெல்லாம் நீங்களே பார்க்கச் சொல்லவில்லை. வாங்குமுன் பரிசோதனை என்று ஒன்று உண்டு, அதற்குக் காசு கொடுங்கள். இந்த விமானத்தை இதுவரை தொடாத, ஆனால் மஸ்டாங்கில் கை பழகிய ஒரு நிலையத்தில் செய்ய வேண்டும். விற்கிறவரின் வழக்கமான மெக்கானிக் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் தன் கையெழுத்துக்கு எதிராக அவர் எழுதமாட்டார். போரஸ்கோப் கமராவை இயந்திரத்துக்குள் விட்டு டர்பைன் தகடுகளின் நுனியைப் பார்க்கச் சொல்லுங்கள். எரிந்ததா, வெடிப்பா, உப்பின் அரிப்பா என்று அந்தப் படத்தில் தெரியும். படங்களை உங்களிடம் தரச் சொல்லுங்கள். கதை வேண்டாம். அப்புறம் ஒரு பறப்பு. 41,000 அடிக்கு ஏறி, உள்ளே அழுத்தம் 8,000 அடி அளவில் நிற்கிறதா, தானியங்கி விமானி பிடிக்கிறதா, இறக்கை விளிம்பில் பனி நீக்கும் ரப்பர் பைகள் உப்பி இறங்குகின்றனவா என்று பார்க்க வேண்டும். முற்பணத்தை விற்கிறவர் கையில் கொடுக்கக்கூடாது, மூன்றாம் தரப்பின் கணக்கில் இருக்க வேண்டும். பறக்கும் தகுதியைப் பாதிக்கும் குறைகளுக்கு யார் காசு என்பதைப் பரிசோதனைக்கு முன்பே எழுதிவிடுங்கள். விமானத்தின் மேல் கடன் நிற்கிறதா என்பதை அமெரிக்க விமானத் துறை நிர்வாகமான எப்.ஏ.ஏ.யின் பதிவில் தேடச் சொல்லுங்கள்.

அமெரிக்காவில் வாங்கிக் கனடாவுக்குக் கொண்டுபோகிறவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. தன் நிலையைத் தானே ஒலிபரப்பும் ஏ.டி.எஸ்.-பி கருவி அமெரிக்காவில் 2020 ஜனவரி முதல் கட்டாயம். அங்கே தரையிலுள்ள நிலையங்கள் கேட்பதால் வயிற்றுப் பக்கத்து ஆண்டெனா ஒன்றே போதும். கனடா கேட்பது செய்மதி வழியாக. 2023 ஓகஸ்ட் முதல் உயர வான்வெளியில் மேல்நோக்கியும் ஒலிபரப்ப வேண்டும், அதாவது முதுகிலும் ஆண்டெனா வேண்டும். இந்த மஸ்டாங்கில் எது இருக்கிறது என்று கேளுங்கள். அதேபோல 29,000 அடியிலிருந்து 41,000 அடிவரை ஆயிரம் அடி இடைவெளியில் பறக்கும் ஆர்.வி.எஸ்.எம். அங்கீகாரம் உங்கள் பெயருக்கு வரும்வரை நீங்கள் 29,000 அடிக்குக் கீழேதான் பறக்க வேண்டும். கீழே பறந்தால் ஜெட் குடிக்கிற எண்ணெய் கூட. கனடாவின் போக்குவரத்து அமைச்சான ட்ரான்ஸ்போர்ட் கனடா தனியார் விமானங்களுக்கு வைத்திருக்கும் 604ஆம் பகுதி விதிகளையும் வாங்குமுன் வாசித்துவிடுங்கள். தனியார் ஜெட் என்றால் கார் மாதிரிச் சாவியைத் திருப்பிக்கொண்டு போகலாம் என்று நினைக்க வேண்டாம்.

விமானத்தைப் பற்றி இவ்வளவு சொல்லிவிட்டேன், விமானியைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாதிப் பதில்தான். கோபிக்க வேண்டாம்.

உங்கள் 620 மணித்தியாலமும் ஒற்றை இயந்திரத்தில். மஸ்டாங்குக்கு முதலில் இரட்டை இயந்திரத் தகுதி, பிறகு அந்த வகைக்கான தனித் தகுதி. அதற்குமேல் காப்புறுதிக்காரர் அனுபவமுள்ள விமானி ஒருவரைப் பக்கத்தில் வைத்துக் குறிப்பிட்ட மணித்தியாலம் பறக்கச் சொல்லுவார், வருடாவருடம் சிமுலேற்றருக்கும் அனுப்புவார். மூன்று பேர் பங்கு என்றால் மூன்று பேருக்கும் இது. 60ஐ மூன்றாகப் பிரித்தால் ஆளுக்கு 20 மணித்தியாலம். தம்பி, வருடத்தில் 20 மணித்தியாலம் ஜெட் ஓட்டுகிறவரோடு நான் ஏறமாட்டேன்.

2014 டிசம்பர் 8ஆம் திகதி அமெரிக்காவின் மேரிலாண்டில், கெய்தர்ஸ்பர்க்கில், ஒரு எம்ப்ராயர் ஃபீனம் 100 ஓடுபாதையை நெருங்கும்போது வீடொன்றின்மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த மூவரும் வீட்டிலிருந்த தாயும் இரண்டு பிள்ளைகளும் இறந்தார்கள். ஓட்டியவருக்கு அந்த வகைத் தகுதி இருந்தது, உயர்தர அனுமதிப்பத்திரமும் இருந்தது. விமானத்திலும் பழுதில்லை. பனி படியும் மேகத்துக்குள் இறங்கியபோது இறக்கையின் பனிநீக்கியைப் போடவில்லை. போட்டிருந்தால் விமானம் தானே அதிக வேகம் கேட்டு முன்கூட்டியே எச்சரித்திருக்கும். அது நடக்காமல் வேகம் குறைந்து, இறக்கை தாங்காமல் விழுந்தது. ஒரு சுவிட்ச். ஒன்ராறியோவின் குளிர்காலத்தில் உங்களுக்கு அந்த மேகம் கிழமைக்கு நாலு தரம் வரும். பக்கத்தில் இன்னொரு விமானி இல்லாத கொக்பிற்றில் அந்தச் சுவிட்சை ஞாபகப்படுத்துவது அண்மையில் பறந்த பழக்கம் மட்டும்தான்.

சுமையையும் ஒருமுறை கணக்குப் பாருங்கள். மஸ்டாங்கின் தாங்கியை நிரப்பினால் விமானி போக ஏறக்குறைய 600 இறாத்தல்தான் மிச்சம். மூன்று பெரியவர்களும் பைகளும். குடும்பத்தோடும் ஊர்ச் சாமான் கட்டிய பெட்டிகளோடும் நேரே மயாமி என்று நினைத்திருந்தால் நடுவில் ஒரு தரிப்பு இருக்கிறது. நீங்கள் இறங்கப்போகும் ஓடுபாதை எவ்வளவு நீளம் என்று எழுதவில்லை. மஸ்டாங்கில் உந்துவிசையைத் திருப்பும் ரிவேர்சர் கிடையாது, பிரேக்கும் ரயரும்தான். கைநூலில் இருக்கும் தூரம் காய்ந்த தார்த்தரைக்கு. பனி கிடக்கும் தரைக்கு அது வேறு எண்.

வேறு என்ன வாங்கலாம் என்று கேட்கப் போகிறீர்கள். எக்ளிப்ஸ் 500 விலையில் மயக்கும், ஆனால் தயாரித்த கொம்பனி 2008இல் வங்குரோத்து ஆனது, உதிரிப்பாகத்துக்கு அலைவதற்கு உங்களுக்கு நேரமில்லை. ஃபீனம் 100 வேகமும் இடமும் கூட, செலவும் கூட. 1990களின் சைட்டேஷன்ஜெட் உறுதியான சாமான்தான், வயதுக்கேற்ற வைத்தியச் செலவோடு வரும். உங்கள் கைக்கு ஒன்று சொல்லச் சொன்னால் சிரஸ் விஷன் ஜெட். 2016இல் அங்கீகாரம் பெற்றது, ஒரே ஒரு வில்லியம்ஸ் இயந்திரம், உங்கள் எஸ்.ஆர்.22 மாதிரியே முழு விமானத்துக்கும் பரசூட். 2020க்குப் பிறகு வந்தவற்றில் விமானி மயங்கினால் பயணி ஒரு பொத்தானை அழுத்த, தானே தரையிறங்கும் வசதியும் சேர்ந்தது. மஸ்டாங்கைவிட வேகமும் உயரமும் குறைவு, இரண்டாவது இயந்திரம் இல்லை. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். ஆனாலும் என் உண்மையான ஆலோசனை, இரண்டு வருடம் எதையும் வாங்காமல் இரட்டை இயந்திரத் தகுதியை எடுத்து, வாடகைக்குப் பறந்து, வருடத்துக்கு ஒருவராகவே 100 மணித்தியாலம் வருகிறதா என்று பாருங்கள். அதற்குள் மச்சானோடும் நண்பரோடும் ஒரு ஒப்பந்தம் எழுதுங்கள். ஒருவர் விலகினால் அவர் பங்கை யார், எந்த விலையில் எடுப்பது, அதுவரை ஹாங்கர் வாடகை யார் கட்டுவது என்று. மச்சானோடு எழுத்தில் போடக் கூச்சமாக இருந்தால் மச்சானோடு ஜெட் வாங்க வேண்டாம்.

ஊருக்குக் கொண்டுவருவதைக் கேட்டிருந்தீர்கள். இரணைமடு விமானப்படையின் இடம், நினைத்தபடி இறங்க முடியாது. பலாலி 2019 ஒக்ரோபரில் சர்வதேச விமான நிலையமானது, சட்டப்படி வர வழி தேடலாம். ஆனால் மஸ்டாங்கின் எட்டும் தூரம் 1,150 கடல் மைல் அளவில். கனடாவின் கூஸ் பே, கிரீன்லாந்து, ஐஸ்லாந்து என்று தத்தித் தத்தி ஐரோப்பாவுக்கு வந்து, பிறகு அரபு நாடுகள், இந்தியா. அதைத் தொழிலாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், கடலில் விழுந்தால் குளிர் தாங்கும் ரப்பர் உடையை மாட்டிக்கொண்டு அத்திலாந்திக்கைத் தாண்டுவார்கள். நீங்கள் கட்டுநாயக்காவில் இறங்கி இரவு பஸ்ஸில் ஏறினால் விடிய முறிகண்டியில் கச்சான் வாங்கலாம்.

பொங்கலுக்கு வரும்போது கைத்தொலைபேசிப் படங்களாக அனுப்ப வேண்டாம், ஒட்டுசுட்டானில் என் வீட்டுப் பக்கம் சிக்னல் போதாது, படம் திறக்கவே திறக்காது. கடைசி மூன்று வருட லொக் புத்தகப் பக்கங்களை அச்சடித்துக் கொண்டுவாருங்கள், கலரில். மை நிறம் பார்க்க வேண்டும்.